மனையை விற்பவரே வீட்டையும் கட்டுவாராம்!

கேள்வி: செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் பெற்ற லேஅவுட்டில் 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறோம். விலை 18 லட்சம். ஆனால் வீட்டை அவர்களிடமே கட்ட வேண்டுமாம், சதுர அடிக்கு 3,100 ரூபாய். கிரையப் பத்திரத்திலும் இதை எழுதுவார்களாம். சிவில் இன்ஜினியரான என் தாய்மாமன் மகன் 2,500க்கு முடித்துத் தருகிறேன் என்கிறான். மனையை மட்டும் வாங்க முடியாதா? இந்த நிபந்தனை செல்லுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: முதலில் மனை விலை 18 லட்சம் என்ற நினைப்பை விடுங்கள். 1,000 சதுர அடி வீடு கட்டினால், உங்கள் மாமன் மகன் சொல்லும் விலையைவிட 6 லட்சம் கூடுதல். அதாவது மனைக்கு 24 லட்சம் கொடுக்கிறீர்கள், கொஞ்சம் சுற்றிவளைத்து.

மனை விலையைக் குறைத்துக் கட்டுமான ஒப்பந்தத்தில் ஏற்றுவது உங்களுக்கும் லாபம் போலத் தெரியும். கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. கட்டுமான ஒப்பந்தத்துக்கு முறையே 1, 3 சதவீதம்தான். ஆனால் நாளைக்குத் தகராறு வந்தால், உங்கள் பணத்தில் பெரும்பகுதி பாதி எழும்பிய சுவரில் நிற்கும்.

சரி, நிபந்தனை செல்லுமா? சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882இன் 11ஆம் பிரிவு உங்கள் பக்கம். சொத்தை முழு உரிமையோடு எழுதிக்கொடுத்துவிட்டு ‘இப்படித்தான் அனுபவிக்க வேண்டும்’ என்று பத்திரத்தில் சேர்த்தால், வாங்கியவர் அதை மதிக்க வேண்டியதில்லை. முன்பக்கம் இத்தனை அடி விட வேண்டும், இத்தனை மாடிக்கு மேல் கூடாது என்பது போல, விற்பவருக்கு மீதமுள்ள பக்கத்து மனைகளின் நலனுக்காகப் போடும் கட்டுப்பாடு வேறு. அது செல்லக்கூடும்.

ஆனால் தனியாகக் கட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் 11ஆம் பிரிவு கைகொடுக்காது. அது நீங்களாக ஒப்புக்கொண்டது. பின்வாங்கினால் நஷ்டஈடு கேட்பார்கள். கிரையப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம் இரண்டையும் ஒரே நாளில் நீட்டுவது இதற்காகத்தான். எனவே நிபந்தனை இல்லாத கிரையம், மனைக்கு மட்டும் என்ன விலை என்று நேராகக் கேளுங்கள். 21 லட்சம் என்றாலும் உங்களுக்கு மிச்சம்தான். பிளான் அப்ரூவலை நாங்கள்தான் வாங்க முடியும் என்பார்கள், நம்பாதீர்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமும் முதல் மாடியுமாக 3,500 சதுர அடி வரை வீடு கட்ட 2024 முதல் சுயசான்று முறையில் நீங்களே இணையத்தில் அனுமதி வாங்கலாம்.

அவர்களிடமே கட்டுவது என்று முடிவெடுத்தால், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு மனைப்பிரிவுக்கு மட்டுமா, வீடுகளுக்கும் சேர்த்தா என்று தமிழ்நாடு ரெரா தளத்தில் பாருங்கள். வீடுகளும் அதில் இருந்தால், ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பில் வரும் குறையை அவர்கள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். பதிவான திட்டத்தில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. பணத்தை அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட், பூச்சு என்று வேலை முடிய முடியக் கொடுங்கள். ஜிஎஸ்டி 3,100க்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், மாமன் மகனின் 2,500ஐயும் எழுத்தில் வாங்குங்கள். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், போர்வெல் எல்லாம் அதில் சேர்ந்ததா? இல்லையென்றால் மேலே போட்ட கணக்கே மாறிவிடும். நீங்கள் கேட்கச் சங்கடப்பட்டால் அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அத்தை கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்!