மென்பொருளை மாற்றினால் பாட்டின் ஒலி மாறுமா?

கேள்வி: ஐந்து வருடமாக விண்டோஸ் கணினியில், எஃப்.எல். ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில்தான் டியூன் போடுகிறேன். பீட், பேஸ் எல்லாம் கை தானாகப் போடும். ஆனால் பாடகரை நிறுத்தி ஒரே பல்லவியை எட்டு, பத்து டேக் எடுத்து, நல்ல இடங்களைப் பொறுக்கி ஒட்டும்போது திணறிப்போகிறேன். "லாஜிக்குக்குப் போ, க்யூபேஸுக்குப் போ, அதில் சவுண்டே வேற மாதிரி இருக்கும்" என்கிறார்கள் நண்பர்கள். இன்னொருவர் ரீப்பரே போதும் என்கிறார். முடிக்காத பாட்டுகள் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன. மாறலாமா? மாறினால் பழையவற்றை எப்படிக் கொண்டுபோவது?

பதில்:

"சவுண்டே வேற மாதிரி" என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஒரே வேவ் கோப்புகளை இரண்டு மென்பொருளிலும் போடுங்கள். ஃபேடர் (சத்த அளவு) எல்லாம் 0 டெசிபல், பேன் (இடது-வலது நிலை) நடுவில், ப்ளக்-இன் (கூடுதலாகச் சேர்க்கும் எஃபெக்ட், வாத்திய நிரல்) ஒன்றும் வேண்டாம். இரண்டிலும் மிக்ஸை 32 பிட் ஃப்ளோட்டில் எடுத்து, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி), மற்றதோடு சேர்த்து ஓட்டினால் ஒன்றும் கேட்காது. ட்ராக்குகளைக் கூட்டுவது வெறும் கணக்கு; அதை எல்லா மென்பொருளும் ஒரே மாதிரிதான் போடுகின்றன. வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் பேன் லா, அதாவது பேன் நிலைக்கேற்பச் சத்தத்தைச் சரிசெய்யும் விதி, காரணமாக இருக்கும். நடுவில் வைத்த மோனோ ட்ராக்கைச் சில மென்பொருள்கள் 3 டெசிபல் குறைக்கும், சில அப்படியே விடும். கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதை நல்ல சவுண்ட் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் காரணத்துக்காக மாறவே வேண்டாம்.

டேக் பொறுக்குவதில் திணறுவது வேறு விஷயம். மாறுவதற்கு அது நியாயமான காரணம்தான். லாஜிக் ப்ரோ ஆப்பிளின் மேக், ஐபேடு கருவிகளில் மட்டும் ஓடும், விண்டோஸில் வழக்கமான வி.எஸ்.டி. வகை ப்ளக்-இன்களையும் ஏற்காது, ஆப்பிளின் ஏ.யூ. வகைதான் வேண்டும். ஆக அது உங்களுக்கு இல்லை. க்யூபேஸில் டேக்குகளை வரிசையாக அடுக்கி, காம்ப் கருவியால் பொறுக்கும் வசதி அருமை. ரீப்பரில் 2023-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து அதே போன்ற லேன் வசதி இருக்கிறது. உங்கள் நிலைக்கு நாங்கள் ரீப்பரைத்தான் சொல்வோம். எந்த வசதியையும் பூட்டிவைக்காமல் 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்க விடுகிறார்கள். சொல்லிக்கொள்ளும்படியான வாத்தியங்கள் அதனுடன் வருவதில்லை என்பது பெரிய குறை. ஆனால் உங்கள் வாத்தியங்கள் எஃப்.எல்.லில் இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும்.

எஃப்.எல்.லை விட்டுவிட வேண்டியதில்லை. விண்டோஸில் எஃப்.எல். ஸ்டூடியோவே ஒரு வி.எஸ்.டி. ப்ளக்-இன்னாகவும் நிறுவப்படுகிறது. ரீப்பரில் புது ட்ராக் திறந்து, எஃபெக்ட்ஸ் பட்டியலில் அதைச் சேர்த்தால் முழு எஃப்.எல்.லும் உள்ளே திறக்கும். ரீப்பரின் டெம்போவையே அது பின்பற்றும். ப்ளே அழுத்தினால் இரண்டும் சேர்ந்து ஓடும். பீட் அங்கே, குரல் இங்கே. பாட்டை எஃப்.எல். கோப்பாகவும் தனியே சேமித்துக்கொள்ளுங்கள். ப்ளக்-இன்கள் நிறைந்த பெரிய பாட்டென்றால் கணினி மூச்சுவாங்கும். அப்போது ஸ்டெம், அதாவது ஒவ்வொரு வாத்தியத்தையும் தனி ஒலிக் கோப்பாக, எடுப்பதுதான் வழி.

ஸ்டெம் எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எஃப்.எல்.லில் சேனல் (வாத்தியம்), பேட்டர்ன் (ஸ்வர வரிசை), ப்ளேலிஸ்ட் ட்ராக் (நேர வரிசை), மிக்ஸர் ட்ராக் நான்கும் தனித்தனி. ஒரு வாத்தியத்தை மிக்ஸரில் எங்கும் அனுப்பாமல் விட்டிருந்தால் அது நேராக மாஸ்டருக்குப் போகும், ஸ்டெமாகப் பிரியாது. அதனால் எல்லாச் சேனல்களையும் தேர்ந்தெடுத்து, மிக்ஸரில் காலியான ட்ராக் ஒன்றைக் காட்டி, கண்ட்ரோல் + எல் அழுத்துங்கள். வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்ராக் கிடைக்கும். ஏற்கெனவே தனி ட்ராக்கில் எஃபெக்ட் போட்டு வைத்த சேனல்களைத் தேர்வில் சேர்க்காதீர்கள், அவற்றின் எஃபெக்ட் கழன்றுவிடும்.

பிறகு ஃபைல், எக்ஸ்போர்ட், வேவ் ஃபைல். வரும் கட்டத்தில் 'ஃபுல் சாங்' என்று வையுங்கள். 'ஸ்ப்ளிட் மிக்ஸர் ட்ராக்ஸ்' டிக் வேண்டும். 'எனேபிள் மாஸ்டர் எஃபெக்ட்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். மாஸ்டரில் உள்ள லிமிட்டர் (உச்ச சத்தத்தை அடக்குவது) முழு மிக்ஸைக் கேட்டு வேலை செய்வது. அதைத் தனித்தனி ஸ்டெம்களால் திரும்பக் கொண்டுவர முடியாது. பிட் ஆழம் 24 அல்லது 32 ஃப்ளோட். டெயில் என்ற இடத்தில் 'லீவ் ரிமெய்ண்டர்' வையுங்கள். 'கட்' வைத்தால் கடைசி ரிவெர்ப் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். எம்.பி.3 மட்டும் வேண்டாம், கோப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு மௌனம் சேர்ந்து எல்லாம் தள்ளிப்போகும். பழைய பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் புதிய ப்ராஜெக்டும் 44.1-ஆகவே இருக்கட்டும். மாற்றம் செய்யாமல் 48-இல் ஓடினால் பாட்டு வேகமாகி, சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் ஏறிவிடும்.

இங்கே ஒளிந்திருக்கும் கண்ணி குரூப் ட்ராக், அதாவது பல ட்ராக்குகள் சேரும் பஸ். ட்ரம்ஸ் ஐந்தையும் ஒரு பஸ்ஸுக்கு அனுப்பியிருந்தால், ஐந்தும் தனியாக வரும், பஸ்ஸும் தனியாக வரும். ஆறையும் ரீப்பரில் போட்டால் ட்ரம்ஸ் இரட்டித்து, 6 டெசிபல் வரை ஏறும். ஒன்று பஸ்ஸை மட்டும் வையுங்கள், அல்லது ஐந்தை மட்டும். ரிவெர்ப் செண்ட் ட்ராக்கை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதில்தான் எதிரொலியே இருக்கிறது.

சரியாக வந்ததா என்று காதை நம்பாமல் சோதிக்கலாம். மாஸ்டர் எஃபெக்ட் இல்லாமல், மாஸ்டர் ஃபேடர் 0 டெசிபலில், முழு மிக்ஸையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ரீப்பரில் எல்லா ஸ்டெம்களும் முதல் பாரின் முதல் அடியில் தொடங்கட்டும். அந்த முழு மிக்ஸைக் கூடுதல் ட்ராக்கில் போட்டு, போலாரிட்டிக் குறியை அழுத்துங்கள். எல்லாம் சரியென்றால் அமைதி. கோரஸ், ரிவெர்ப் போன்றவை ஒவ்வொரு முறையும் சற்று வேறாக ஓடுவதால் லேசான இரைச்சல் மிஞ்சும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். கிக் முழுசாகக் கேட்டால் இரட்டிப்பு, ஏதோ ஒரு வாத்தியம் மட்டும் கேட்டால் அது ஸ்டெமாகப் பிரியவில்லை.

டெம்போவைத் தசமத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். 92.5 என்பதை 92 என்று வைத்தால் நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் ஸ்டெமுக்கும் கிரிட்டுக்கும் (திரையில் உள்ள தாளக் கோடுகள்) 1.3 விநாடி விலகிவிடும்.

பின்னால் டியூனை மாற்ற நேரும் என்றால் மிடியும் (ஸ்வரங்களின் குறிப்புக் கோப்பு) எடுத்துவையுங்கள். முதலில் பாட்டை வேறு பெயரில் சேமித்துவிடுங்கள், இது கட்டாயம். டூல்ஸ், மேக்ரோஸ், 'ப்ரிப்பேர் ஃபார் மிடி எக்ஸ்போர்ட்' கொடுத்ததும் சேனல்களில் உள்ள வாத்தியங்களை எடுத்துவிட்டு மிடி அவுட் வைத்துவிடும். மறந்துபோய் பழைய பெயரிலேயே சேமித்தால் பாட்டு போயிற்று. அதன்பிறகு எக்ஸ்போர்ட்டில் மிடி ஃபைல். ரீப்பரில் இழுத்துப் போடும்போது ட்ராக்குகளைப் பிரிக்கவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள்.

மிடியில் ஸ்வரம் வரும், ஒலி வராது. பியானோ ரோலில் ஸ்லைடு ஸ்வரம் போட்டுக் கமகம் செய்திருந்தால் அது எஃப்.எல்.லின் சொந்த வாத்தியங்களுக்கு மட்டுமே புரியும், மிடியில் போகாது. அந்த ட்ராக்கை ஒலியாகவே எடுத்துவிடுங்கள். பிட்ச் பெண்டில் செய்திருந்தால் வளைவு வந்துசேரும். ஆனால் எத்தனை செமிடோன் வளையலாம் என்பது வாத்தியத்தில் உள்ள அமைப்பு. பழையதில் 12, புதியதில் 2 என்றிருந்தால், ஸ்வரம் நடுவழியிலேயே நின்று அபஸ்வரமாகக் கேட்கும். இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

எஃப்.எல்.லில் நடு 'சி' என்பது சி5, ரீப்பரில் சி4, க்யூபேஸில் சி3. எண் எல்லாவற்றிலும் 60-தான். பெயர் மாறியதைப் பார்த்துப் பதறி ஆக்டேவைத் தூக்க வேண்டாம்.

பழக்கத்தில் இடறும் இடம் ஒன்று உண்டு. ரீப்பரில் ஒரு ட்ராக் என்றால் வாத்தியம், மிக்ஸர், டைம்லைன் மூன்றும் ஒன்றே. பேட்டர்னை ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறுவது எஃப்.எல். பழக்கம், ரீப்பரில் மிடியைப் பிரதி எடுத்தால் ஒவ்வொன்றும் தனி ஆள். பேட்டர்ன் போல வேண்டுமென்றால் 'பூல்டு' பிரதியாக ஒட்டுங்கள். ஷார்ட்கட் எதையும் மனப்பாடம் செய்யாதீர்கள்: கேள்விக்குறி விசையை அழுத்தினால் ஆக்‌ஷன் பட்டியல் வரும், உங்கள் கைக்குப் பழகிய விசைகளை அங்கேயே கொடுத்துவிடலாம்.

இனி குரல். பஃபரை (கணினி ஒரு தடவைக்குக் கையாளும் ஒலிச் சாம்பிள்களின் எண்ணிக்கை) 128-க்கு இறக்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 3 மில்லிவிநாடிக்கும் குறைவு, போக வர இன்னும் கொஞ்சம் சேரும். மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம். ஆடியோ இன்டர்ஃபேஸின் ஏசியோ டிரைவரை (தாமதம் குறைவாக ஒலியைக் கடத்தும் நிரல்) பல நேரங்களில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும், எஃப்.எல். தனியாகத் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். ட்ராக்கில் லேன் வசதியை இயக்கி, பல்லவியை மட்டும் தேர்ந்தெடுத்து, ரிப்பீட் போட்டு ரெக்கார்ட் செய்தால் ஒவ்வொரு டேக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். பிறகு பிடித்த துண்டின்மேல் மவுஸை இழுத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

எங்கே ஒட்டுவது என்பதில்தான் திறமை. 'பக்கம்' என்று பாடிப்பாருங்கள்: 'க்' வருமிடத்தில் குரல் ஒரு கணம் அடைபட்டு நிற்கும். அந்த அடைப்பில் வெட்டினால் 10 மில்லிவிநாடிக் குறுக்கு ஃபேடே (ஒன்று தேய மற்றது எழுவது) போதும், ஒட்டு தெரியாது. 'ஆ' என்று நீளும் உயிரின் நடுவில் வெட்டினால் எவ்வளவு ஃபேடு போட்டாலும் குரல் சட்டென்று நிறம் மாறுவது கேட்கும். வல்லினம் கிடைக்காவிட்டால் மூச்செடுக்கும் இடத்துக்கு முன்னால் வெட்டுங்கள், மூச்சு அடுத்த டேக்கோடு போகட்டும்.

நாற்பது பாட்டையும் மாற்றாதீர்கள். குரல் எடுக்க வேண்டியவற்றை மட்டும், எடுக்கும் வாரத்தில், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மற்றவை எஃப்.எல்.லிலேயே இருக்கட்டும். அவற்றில் பயன்படுத்திய ப்ளக்-இன்களை மட்டும் கணினியிலிருந்து அழித்துவிடாதீர்கள்.