பிளாக் கெட்டில் கோழையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொஞ்ச நாட்களாக அமெரிக்கப் பழங்குடிகளான ஷையேன் மக்களின் வரலாற்றைப் படித்து வருகிறேன். அமெரிக்கப் படை அவர்களைக் கொன்றுகுவித்த சாண்ட் க்ரீக் படுகொலைக்குப் பிறகும் தலைவர் பிளாக் கெட்டில் சமாதானம் பேசிக்கொண்டே அலைந்தது எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவர் ஏமாளியா, கோழையா? ஆரம்பத்திலேயே சண்டை போட்டிருந்தால் அந்த இனம் அழிந்திருக்காது அல்லவா? விவசாயம் செய்தவர்கள் ஏன் குதிரை ஏறினார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கா.

அன்புள்ள கா.,

எங்கோ இருந்த மக்களுக்காக உங்களுக்கு ஆத்திரம் வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சுட்டவர்களை விட்டுவிட்டு, சுடப்பட்டவரைப் போய்க் கோழை என்கிறீர்களே!

குதிரைக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மின்னசோட்டா பக்கம் மக்காச்சோளம் விளைவித்தவர்கள், மற்ற இனங்களின் நெருக்கடியால் மேற்கே நகர்ந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் குதிரை கிடைத்தது, காட்டெருமை வேட்டைக்கு மாறினார்கள். அவ்வளவுதான். அப்புறம், அந்த இனம் அழியவில்லை. மொன்டானாவிலும் ஓக்லஹோமாவிலும் இன்றும் வாழ்கிறார்கள். தங்கள் நிலத்தின் நிலக்கரிக் குத்தகைகளை ரத்து செய்யச் சொல்லி 1973இல் அரசிடம் மல்லுக்கு நின்று, 1980இல் அதைச் சாதித்தவர்கள். அவர்களுக்கு நீங்கள் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை.

சண்டையும் போட்டார்கள். ‘டாக் சோல்ஜர்ஸ்’ என்ற போர்க்குழு சமாதானத்தை ஏற்கவே இல்லை. 1869இல் சம்மிட் ஸ்பிரிங்ஸில் அவர்களுடைய தலைவர் டால் புல் கொல்லப்பட்டு, குழுவும் சிதறியது.

இனி பிளாக் கெட்டில். ஷையேன்களுக்கு நாற்பத்துநான்கு தலைவர்கள் கொண்ட ஒரு சபை இருந்தது. பத்தாண்டுப் பதவி. ஸ்வீட் மெடிசின் என்ற அவர்களுடைய ஆதித் தீர்க்கதரிசி வகுத்த முறை அது. தலைவன் ஏழைக்குக் கொடுக்க வேண்டும், கோபப்படக் கூடாது. தன் மகனையே கண்ணெதிரில் கொன்றாலும் பழிவாங்கக் கிளம்பாமல் சமாதானத்தின் அடையாளமான புகைக்குழாயை எடுத்துப் புகைக்க வேண்டும். போர் என்பது போர்க்குழுக்களின் வேலை. பிளாக் கெட்டில் தான் ஏற்ற பதவியின் தர்மப்படி நடந்தார். 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் க்ரீக்கில் அமெரிக்க ராணுவ அதிகாரி சிவிங்டனின் படை வந்தபோது அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றிவைத்திருந்தார். சுமார் 230 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அவருடைய மனைவிக்கு ஒன்பது காயங்கள். அந்த மனைவியைக் காப்பாற்றித் தூக்கிப்போன மனிதர், அதற்குப் பிறகும் 1865இலும் 1867இலும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார். 1868 நவம்பரில் வாஷிட்டா ஆற்றங்கரையில் கஸ்டர் என்ற இன்னொரு ராணுவ அதிகாரியின் படை கணவன், மனைவி இருவரையும் கொன்றது. இதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கு உடனே பதில் எழுத வேறொரு காரணமும் உண்டு. சில வாரங்களாக லிட்டில் உல்ஃப் என்ற இன்னொரு தலைவர் என் மனதை விட்டுப் போகவில்லை. வடக்கே வாழ்ந்த ஷையேன்களை 1877இல் அமெரிக்க அரசு தெற்கே ஓக்லஹோமாவுக்குத் துரத்தியது. அங்கே மலேரியா, பசி. 1878 செப்டம்பரில் சுமார் 350 பேர் சொந்த மண்ணை நோக்கிக் கிளம்பினார்கள். அதில் சண்டை போடக்கூடியவர்கள் நூறு பேர்கூட இல்லை. வழியில் கன்சாஸில் அவர்களுடைய இளைஞர்கள் சுமார் 40 குடியேறிகளைக் கொன்றார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். பிறகு கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. டல் நைஃப் என்ற மற்றொரு தலைவருடன் போனவர்கள் ராணுவத்தின் ராபின்சன் கோட்டையில் அடைபட்டார்கள். தெற்கே திரும்ப மறுத்ததற்காகச் சோறு, விறகு, கடைசியில் தண்ணீரையும் நிறுத்தினார்கள். 1879 ஜனவரி 9 இரவு ஜன்னல் வழியே குதித்து ஓடியவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். லிட்டில் உல்ஃப் தன்னோடு வந்தவர்களை மொன்டானாவுக்குக் கொண்டுசேர்த்தார். 1884இல் அங்கே அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது.

அந்த மனிதர் 1880இல் குடிபோதையில் ஸ்டார்விங் எல்க் என்ற தன் இனத்தவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். சொந்த இனத்தவரைக் கொன்றவன் ஊரோடு வாழ முடியாது, மற்றவர்களோடு புகைக்குழாயைப் பகிர முடியாது என்பது ஷையேன் சட்டம். ‘நான் இல்லையென்றால் நீங்கள் எல்லோரும் எங்கே?’ என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தானே தலைமையைத் துறந்து விலகிப் போனார். 1904இல் சாகும்வரை ஒதுங்கியே வாழ்ந்தார். அரசு அவர்களுடைய நிலத்தையும் காட்டெருமையையும் பிடுங்கி, சபையையும் வலுவிழக்கச் செய்திருந்தது. கட்டாயப்படுத்த ஆள் இல்லாத இடத்தில் அந்தச் சட்டத்துக்கு அவர் தலைவணங்கினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக! போர் வீரத்தைத் தேடித் தேடிப் படிக்கும் நம் வாசகர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் சரசரவென்று புரட்டிவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

அடுத்த கடிதத்தில், கஸ்டர் தோற்றுச் செத்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று தெரியும். சரி, கேளுங்கள். அதற்கு முன்னால் அந்த நாற்பத்துநால்வர் சபையைப் பற்றிப் படித்துவிட்டு எழுதுங்கள்.