மில்லுக்காரன் ஏன் சண்டைக்குப் போனான்? – ஒரு கடிதம்

வணக்கம் சார். முதல் உலகப்போர் பத்தி படிச்சிட்டிருக்கேன். எங்கயோ சரயேவோல ஒரு இளவரசரைச் சுட்டதுக்கு இங்கிலாந்துல மில்லுல வேலை பாத்தவன் ஏன் போய் சாகணும்? ஆட்சியில இருக்கறவனுக்காவது லாபக் கணக்கு இருக்கு, இவனுக்கு என்ன இருக்கு? மூளைச்சலவைதானே? (பேர் போட வேண்டாம் சார்.)

தம்பி,

மூளைச்சலவைன்னு சொல்லிட்டா வேலை சுலபமா முடிஞ்சிடும், ஆனா தேதி இடிக்குதே. பிரிட்டன் போர் அறிவிச்சது 1914 ஆகஸ்ட் 4. அப்ப அங்க கட்டாய ராணுவ சேவை கிடையாது, ஆள் வேணும்னு போர் அமைச்சர் கிச்சனர் கேட்டாரு, அவ்ளோதான். பேண்டு வாத்தியத்துல மயங்கிப் போனவங்கன்னா முதல் வாரமே கூட்டம் உச்சத்துக்குப் போயிருக்கணும். அது போனது எப்போ? பெல்ஜியத்துல மான்ஸ்ங்கிற ஊர்ல இருந்து தங்க படை பின்வாங்குதுன்னு பேப்பர்ல வந்த பிறகு. செப்டம்பர் 3 அன்னிக்கு ஒரே நாள்ல 33,000 பேருக்கு மேல சேர்ந்தாங்க. ஐயோ தோத்துருவோம் போலருக்கேன்னு போன கூட்டம் அது.

அப்புறம் சோறு. இங்கிலாந்துல லங்காஷயர் பக்கம் அக்ரிங்டன்னு ஒரு ஊர், பருத்தி மில் எல்லாம் படுத்துக் கிடக்கு, ஊர்லயே பெரிய மெஷின் ஃபேக்டரில கதவடைப்பு. பட்டாளத்துல ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் சம்பளம், சாப்பாடு, துணி, பூட்ஸ், வீட்ல பொண்டாட்டி கைக்கு தனியா அலவன்ஸ். இதுல கூட்டாளிகளோட சேர்ந்தே ஒரே பட்டாலியன்ல இருக்கலாம்னு வேற சலுகை, லிவர்பூல்ல டெர்பி பிரபு ஆரம்பிச்சு வெச்சது. கூட வேலை பாத்தவன் எல்லாம் போறப்ப நீ மட்டும் தெருவுல எப்படி நடமாடுவ? ஃபோக்ஸ்டன்னு ஒரு கடற்கரை ஊர்ல பொம்பளைங்கள விட்டு யூனிஃபார்ம் இல்லாதவன் சட்டையில வெள்ளை இறகு குத்த வெச்சாங்க, கோழைன்னு அர்த்தம். எனக்கென்னவோ நாட்டுப்பற்றை விட இந்த மானப்பிரச்சனைதான் நிறைய பேரைத் தள்ளி விட்டுச்சுன்னு படுது.

மேல இருக்கறவங்க லாபக் கணக்கு போட்டாங்கன்னு சொல்றியே, 1914-ல லாபத்தை விட பயம்தான் ஜாஸ்தி. ரஷ்யா ரெடியாகறதுக்குள்ள பெல்ஜியம் வழியா போய் பிரான்ஸை முடிச்சிடணும்னு ஜெர்மனி பிளான், அதுக்காக எந்த ரயில் எப்ப கிளம்பணும்கிற வரைக்கும் எழுதி வெச்சாச்சு. ஆகஸ்ட் 1 அன்னிக்கு கைசரே (ஜெர்மனிப் பேரரசர்), எல்லாத்தையும் கிழக்கால ரஷ்யா பக்கம் திருப்பிடலாமேன்னு கேக்கறாரு, தளபதி மோல்ட்கே முடியாதுன்னுட்டாரு! பேரரசனாலயே நிறுத்த முடியலைன்னா என்ன சொல்றது.

அந்த அக்ரிங்டன் பசங்க 1916 ஜூலை 1 காலையில பிரான்ஸ்ல செர் கிராமத்துப் பக்கம் ஜெர்மன் படையைத் தாக்க ஏறிப் போனாங்க. சுமார் 700 பேர்ல 580-க்கு மேல செத்தது, அடிபட்டது, காணாமப் போனது, அதுவும் அரை மணி நேரத்துல. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பசங்க, தந்தி வந்தா எல்லா வீட்டுக்கும்தான்.

ஆனா இவங்கள மாதிரி தானா வர்ற ஆளுங்க 1915-லயே குறைஞ்சு போயிட்டாங்க, இதை நீ கவனிக்கணும். காயம்பட்டவங்க திரும்பி வந்து நடமாட ஆரம்பிச்சாச்சு, மில்லுலயும் குண்டு ஃபேக்டரிலயும் வேலை கிடைக்குது, எவன் வருவான். அதான் 1916 ஜனவரில கட்டாய ராணுவ சேவைக்குச் சட்டம் போட்டாங்க, முதல்ல கல்யாணம் ஆகாதவங்களுக்கு, மே மாசமே ஆனவங்களுக்கும் சேர்த்து.