மூக்கு ஒழுகினால் குளிர் மேல் பழி போடாதீர்கள்

தம்பி, மனைவியின் நர்ஸ் வேலைக்காகக் கருப்பூரிலிருந்து இங்கிலாந்து வருகிறீர்கள். உங்களையும் ஓர் ஆய்வகத்தில் விலங்குப் பராமரிப்பு டெக்னீஷியன் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். குளிர் தாங்குமா, கையில் என்ன மிஞ்சும், பிறகு மிருகக்காட்சி சாலைக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சேலம் அம்மாபேட்டைதான். இதே வேலைக்குத்தான் வந்தேன், இன்னும் இதில்தான் இருக்கிறேன்.

குளிரை விடுங்கள். சுண்டெலி அறையை எப்போதும் 20லிருந்து 24 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள். கவுன், கையுறை, முகமூடி மாட்டிக்கொண்டு கூண்டு மாற்றினால் வியர்த்துக் கொட்டும். நீங்கள் பயப்பட வேண்டியது எலி மூத்திரத்துக்கு. சிரிக்காதீர்கள். அதிலுள்ள ஒரு புரதம் காய்ந்து, கூண்டில் போடும் மரத்தூளோடு பறக்கும். அதைத் தினமும் சுவாசித்தால் சிலருக்கு உடம்பு எதிர்க்க ஆரம்பிக்கும், அலர்ஜி என்பார்களே அதுதான், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள். தும்மல், கண் அரிப்பு, கையில் தடிப்பு. கவனிக்காமல் விட்டால் ஆஸ்துமா வரை போகும்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஊருக்குப் புதிது, மூக்கு ஒழுகினால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரிலிருந்து கொண்டுவந்த செட்ரிசினை விழுங்குவார்கள். விஷயம் புரிந்த பிறகும், வேலை போய்விடுமோ என்று வாயைத் திறப்பதில்லை. ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் அப்படித்தான் மறைத்தான். இப்போது இன்ஹேலரும் கையுமாகத் திரிகிறான், எலி அறைப் பக்கமே போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லீவு நாளில் சரியாகி, வேலைக்குப் போனதும் மறுபடி ஒழுகினால் அது குளிர் இல்லை. அன்றே பணியிட மருத்துவப் பிரிவில் சொல்லுங்கள். ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு, மறந்தால் கேட்டு வாங்குங்கள். பழைய தூளைத் தூசி உறிஞ்சும் மேடையில் மட்டும் கொட்டுங்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் சூப்பர்வைசர் 'ரெண்டு நிமிஷ வேலைதானே, இங்கேயே கொட்டு' என்பார். வெள்ளைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டுகிற கூட்டம் நம்முடையது.

அப்புறம் தாடி. இறுக்கமான முகமூடிக்கு முகம் மழித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரமாகக் காற்று கசியும். கார்த்திகையில் மாலை போடுகிறவர் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். காற்றை வடிகட்டி ஊதுகிற தலைக்கவசம் இருக்கிறது. நான் கேட்டுத்தான் வாங்கினேன்.

பொங்கல் விழாவில் ஐடி அண்ணன்கள் 'எலிக்கூண்டு கழுவுறியாப்பா?' என்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் சுண்டெலியைத் தூக்கத் தெரியாது. எங்கள் வீட்டுத் தறிக்குழியில் எலி விழுந்தால் அப்பா வாலைப் பிடித்துத்தான் வெளியே எறிவார். நானும் அந்தக் கையோடுதான் வந்தேன். வாலைப் பிடித்தால் சுண்டெலி மிரளும், குழாய்க்குள் நுழையவிட்டோ இரு கையால் அள்ளியோ எடுத்தால் அவ்வளவு மிரளாது என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்து ஜேன் ஹர்ஸ்ட் 2010இல் காட்டினார். கையை மாற்றிப் பழகினேன். இப்போது புதிதாக வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். கொல்வதும் இந்த வேலையில் உண்டு, அதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மிருகக்காட்சி சாலையில் இடம் குறைவு, சம்பளமில்லாமல் உழைத்துக் காத்திருப்பவர்களே வரிசையில் நிற்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஏற்காடு அடிவாரத்துக் குரும்பப்பட்டி மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போவார்கள். புள்ளிமானைப் பார்த்துவிட்டு அப்படியே ஏற்காடு ஏறினால், கொண்டை ஊசி வளைவில் குரங்கு வந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். வாத்தியார் பிரம்போடு துரத்துவார், நாங்கள் குரங்கு பக்கம். இங்கே குரங்குப் பிரிவு கிடைத்தால் நிலைமை தலைகீழ், நம்மிடமிருந்து அதற்குக் காசநோய் தொற்றிவிடுமோ என்று சோதிப்பார்கள். சின்ன வயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட நமக்குத் தோலில் போடும் சோதனை ஊசி சும்மாவே வீங்கலாம். ரத்தச் சோதனையாகவே எடுக்கச் சொல்லுங்கள்.

சம்பளக் கணக்கை ஐடி அண்ணன்களிடம் கேளுங்கள், கேட்காமலே சொல்வார்கள்.