குளச்சல் வள்ளம் நார்வேக்கு வடக்கே

படகு ஜிபிஎஸ் பதிவுகளைக் கணினியில் ஏற்றி மீன்பிடி வரைபடம் போடுகிறவர்கள் கேட்டவையும் எனக்குத் தெரிந்த பதில்களும்.

நாகர்கோவில் கல்லூரி மாணவி: அண்ணா, குளச்சல் புள்ளிகளை சிஎஸ்வி (வெறும் எழுத்து அட்டவணை) கோப்பாக, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினேன். வடதுருவம் பக்கம் போய் விழுகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

இல்லைம்மா. எக்ஸ் என்றால் தீர்க்கரேகை, ஒய் என்றால் அட்சரேகை. மாற்றிக் கொடுத்துவிட்டாய். 77 டிகிரி வடக்கு, 8 டிகிரி கிழக்கு என்றால் நார்வேக்கும் வடக்கே குளிர்கடல். நல்ல பிழைதான் இது, பார்த்ததுமே தெரிந்துவிடும்.

தூத்தூர், விசைப்படகுக்காரர் மகன்: என் புள்ளிகள் நம்ம கடலில்தான் விழுகின்றன. ஆனால் அப்பா "பார் (மீன் கூடும் கடலடிப் பாறை) இங்க இல்ல" என்கிறார்.

அப்பாவை நம்பு தம்பி. திரையில் 08°10.500 என்று இருந்தால் அது 8 டிகிரி, பத்தரை நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். பத்தரையை 60-ஆல் வகுத்தால் 0.175. ஆக, கணினிக்குக் கொடுக்க வேண்டியது 8.175. நோட்டைப் பார்த்து 8.105 என்று தட்டினால் புள்ளி தெற்கே நாலு கடல்மைலுக்கு மேல் தள்ளிப்போகும். ஏறக்குறைய 8 கிலோமீட்டர். நானே ஒருமுறை இப்படித் தட்டிவிட்டு ஒரு மாதப் பதிவை மறுபடி போட்டேன். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: தூரம் போய்வந்த படகின் பட்டியலில், தசமத்துக்குப் பின் .60-ஐ எட்டிய எண் ஒன்றுகூட இல்லையென்றால் சந்தேகப்படு. நிமிடம் அறுபதைத் தொடாதல்லவா!

தூரத்தை மீட்டரில் கணக்கிட எந்த யூடிஎம் (உலகை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மண்டலம்?

குமரிக்கு 43 வடக்கு, குறியீடு 32643. கிழக்கே 78 டிகிரியைத் தாண்டி தூத்துக்குடி பக்கம் போனால் 44. கவனம், லேயரின் (வரைபடத்தில் ஏற்றிய தரவு அடுக்கின்) குறியீட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் எண்கள் மாறாது, புள்ளி வேறெங்கோ போகும். ரீப்ரொஜெக்ட் செய்து, அதாவது எண்களையே புது மண்டலத்துக்குக் கணக்கிட்டு மாற்றி, புதுக் கோப்பாகச் சேமியுங்கள். 4326-இல் (ஜிபிஎஸ் தரும் டிகிரி எண்களுக்கான குறியீடு) இருக்கும் மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

ப்ராஜெக்டைச் சேமித்து நண்பனுக்கு அனுப்பினேன். அவனுக்கு ஒரு லேயரும் திறக்கவில்லை.

ப்ராஜெக்ட் கோப்பில் இருப்பது தரவின் விலாசம்தான், தரவு இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஜியோபேக்கேஜில் (பல லேயர்களை அடக்கும் ஒற்றைக் கோப்பு) போட்டு, ப்ராஜெக்டோடு ஒரே ஃபோல்டரில் வைத்து அனுப்புங்கள். தற்காலிக லேயர் இருந்தால் முதலில் அதைச் சேமியுங்கள், மூடினால் போய்விடும். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகையை நான் கைவிட்டு நாளாயிற்று. அட்டவணையின் பத்தித் தலைப்புக்கு 10 பைட்டுதான் இடம், தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட்டு (கால், கொம்பு, புள்ளியும் தனிக் குறியீடு), மூன்று குறியீட்டிலேயே தீர்ந்துவிடும். 'மீன்வகை' என்று வைத்தால் 'மீன'வோடு நின்றுவிடும்.

முட்டத்திலிருந்து ஓர் ஆய்வாளர்: பார் இருக்கும் இடங்களைத் தர மீனவர்கள் தயங்குகிறார்கள். என்ன செய்வது?

தயங்கத்தான் செய்வார்கள் சார், அது அவர்கள் சோறு. கரையில் கோபுரத்தையும் மலையையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்துத் தலைமுறையாகக் கண்டுபிடித்த இடங்கள். வெளியே கொடுக்கும் கோப்பில் புள்ளியே வேண்டாம். கடலைப் பத்து நிமிடச் (டிகிரியின் நிமிடம், கடிகாரத்தினது அல்ல) சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்கு எத்தனை கிலோ மீன் என்று மட்டும் போடுங்கள். ஒரு சதுரத்தில் ஒரே படகுதான் பிடித்தது என்றால் அதையும் நீக்கிவிடுங்கள். யார் படகென்று ஊருக்கே தெரியும்.