உலகம் அழியும் படங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலம் முழுக்க டிவி முன்னால்தான். விண்வெளி, பூகம்பம், ஊழிவெள்ளம் என்று எந்தப் படம் போட்டாலும் விடுவதில்லை. தமிழில் டப் செய்து போடுவதால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிறோம். நான் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன். ‘ஆர்மகெடான்’ பார்த்து எரிச்சல்தான் வந்தது. ‘சான் ஆண்ட்ரியாஸ்’ அதைவிட மோசம். எல்லாரும் கொண்டாடும் ‘கிராவிட்டி’யிலும் தப்பு இருக்கிறது. லாஜிக் பார்த்தால் படம் பார்க்க முடியாது என்று மகன் சிரிக்கிறான். அறிவியலைத் தப்பாகக் காட்டும் படத்தை அறிவியல் படம் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் இவற்றை எதை வைத்து எடைபோடுகிறீர்கள்?

கே. ஆர்., ஈரோடு

அன்புள்ள கே. ஆர். அவர்களுக்கு,

‘ஆர்மகெடான்’ விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். டெக்சாஸ் மாநிலம் அளவுக்கு ஒரு கல் வருகிறதாம், மோதுவதற்கு 18 நாள் இருக்கும்போதுதான் கண்ணில் படுகிறதாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சீரிஸ் டெக்சாஸைவிடச் சின்னது, குறுக்களவு 940 கி.மீ. சொச்சம். அதையே 1801-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கல்லில் துளை போட்டு அணுகுண்டு வைக்க எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களை விண்வெளிக்கு அனுப்புவதற்குப் பதிலாக விண்வெளி வீரர்களுக்குத் துளை போடக் கற்றுக்கொடுக்கலாமே என்று இயக்குநரிடம் கேட்டதாக, அதில் நடித்த பென் அஃப்ளெக்கே டிவிடி உரையில் சொல்லிச் சிரிக்கிறார். வாயை மூடு என்றுதான் பதில் வந்ததாம்.

அதே 1998-இல் வந்த ‘டீப் இம்பாக்ட்’ பார்த்திருக்கிறீர்களா? அதில் வருவது வால்நட்சத்திரம். ஷூமேக்கர் தம்பதியை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டார்கள். 1994-இல் வியாழனில் மோதிய வால்நட்சத்திரத்தை டேவிட் லெவியோடு சேர்ந்து கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். அப்படியும் கடைசியில் அணுகுண்டு வைத்துத் தகர்க்கும் கதைதான், நீங்கள் சிவப்பு மையால் சுழிக்க நிறைய இடம் உண்டு. ஆனால் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது. சுண்ணாம்புக்கல் குகைகளில் 10 லட்சம் பேருக்கு இடம் தயாராகிறது. 2 லட்சம் பேரை அரசே தேர்ந்தெடுக்கும், மீதி 8 லட்சம் பேர் குலுக்கலில். 50 வயது தாண்டியவர்களுக்குக் குலுக்கலே கிடையாது. (நீங்களும் நானும் வெளியேதான்.) கல் வருவது கற்பனையாகவே இருக்கட்டும். வந்தால் யாரை உள்ளே விடுவது என்ற கேள்வியில் கற்பனை எதுவும் இல்லை.

கதை தொடங்குவதற்கு ஒரு பொய் வேண்டுமென்றால் அதை நான் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவேன். ‘தி மார்ஷியன்’ ஒரு புயலில் தொடங்குகிறது. செவ்வாயின் காற்று நம் காற்றில் நூற்றில் இரண்டு பங்கு அடர்த்திகூட இல்லாதது, அங்கே புயல் ராக்கெட்டைச் சாய்க்காது. மூலக்கதையை எழுதிய ஆண்டி வியருக்கும் இது தெரியும், அவரே சொல்லியிருக்கிறார். நாயகனைச் செவ்வாயில் தனியாக விட்டுவிடத் தெரிந்தே சொன்ன பொய் அது. அப்புறம் உருளைக்கிழங்கு வளர்க்கிறதெல்லாம் கணக்குப் போட்டுத்தானே நடக்கிறது.

‘கிராவிட்டி’க்கு வருகிறேன். ஹப்பிள் தொலைநோக்கியும் சர்வதேச விண்வெளி நிலையமும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு சாய்வில் சுற்றுகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படி மிதந்து போய்ச் சேர முடியாது. இன்னொன்று, சாண்ட்ரா புல்லக் அழும்போது கண்ணீர் முத்து முத்தாகப் பிரிந்து மிதந்து வரும். நிஜத்தில் அங்கே கண்ணீர் உதிராது, கண்ணிலேயே திரண்டு ஒட்டிக்கொள்ளும். கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு விண்வெளி நிலையத்தில் இருந்தபடியே கண்ணில் தண்ணீர் விட்டு இதைக் காட்டியிருக்கிறார். ஆனாலும் விண்குப்பை மோதி மோதிப் பெருகும் என்ற அடிப்படை அச்சம் 1978-லேயே டொனால்ட் கெஸ்லர் ஆய்வாக எழுதியது. நிலையம் துண்டு துண்டாகச் சிதறும்போது வெடிச்சத்தம் கேட்பதில்லை, பின்னணி இசை மட்டும்தான். அந்த ஒன்றுக்காகவே பத்துத் தப்பை மன்னிக்கலாம்.

‘சான் ஆண்ட்ரியாஸ்’ வேறு ரகம். 9.6 ரிக்டர் என்கிறார்கள். இதுவரை பதிவானதிலேயே பெரியது 1960-இல் சிலியில் வந்த 9.5. படத்துக்குப் பெயர் கொடுத்த கலிபோர்னிய நிலப்பிளவில் பூமியின் இரண்டு பாறைத்தட்டுகள் பக்கவாட்டில் உரசுகின்றன, பெரும்பகுதி நிலத்தில். கடலடியைத் தூக்கிவிடும் அசைவு அதில் இல்லை என்பதால் அப்படிச் சுனாமியும் வராது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என் கோபம் வேறு. நாயகர் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறையின் மீட்பு ஹெலிகாப்டர் ஓட்டுபவர். ஊரே இடிந்து விழும்போது அரசு ஹெலிகாப்டரைத் திருப்பிக்கொண்டு தன் மனைவியையும் மகளையும் தேடிப் போகிறார். மற்றவர்கள் கட்டடத்திலிருந்து உதிரும் புள்ளிகள். படம் இதை ஒரு தடவைகூட உறுத்தலாக நினைப்பதில்லை.

பேரிடர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் என்ரிக்கோ குவாரன்டெல்லி திரும்பத் திரும்பச் சொன்னது, ஆபத்து வேளையில் ஜனங்கள் கண்மண் தெரியாமல் ஓடி ஒருவரையொருவர் மிதிப்பது அபூர்வம் என்பதைத்தான். பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் கை கொடுக்கிறார். அந்தப் படம் வந்த 2015-இலேயே சென்னை வெள்ளத்தில் மீனவர்கள் படகோடு தெருவுக்குள் வந்தார்களே.

அதே ஆண்டு நார்வேயில் ‘தி வேவ்’ என்று ஒரு படம் எடுத்தார்கள். மலைச்சரிவு கடல்நீரில் விழுந்தால் எழும் அலை ஊருக்கு வந்து சேர 10 நிமிடம்தான். இது வெறும் கதையில்லை. 1934-இல் டாஃப்யோர்டில் இப்படித்தான் 40 பேர் செத்தார்கள், படத்தில் வரும் மலையை இப்போதும் கருவி வைத்துக் கண்காணிக்கிறார்கள். மேலே ஏறும் சாலையில் கார்கள் நெரிந்து நின்றுவிட, இறங்கி ஓடுங்கள் என்று ஒவ்வொரு காராகச் சொல்லிக்கொண்டு போகிறார் நாயகர். பின்பாதி வழக்கமான குடும்ப மீட்புதான், அதைச் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ‘கன்டேஜியன்’ (2011). தொற்று எப்படிப் பரவுகிறது என்பதை விமான நிலையத்து பாரில் வேர்க்கடலைக் கிண்ணம், கிரெடிட் கார்டு, கைகள் என்று காட்டிவிடுகிறார்கள். அதில் தொற்றுநோய்த் துறை அதிகாரி ஒருவர், ஊரை அடைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தான் மணக்கப்போகும் பெண்ணுக்கு மட்டும் ரகசியமாகப் போன் செய்து கிளம்பச் சொல்கிறார். ஹெலிகாப்டர்காரர் செய்த அதே வேலைதான். ஆனால் இங்கே விஷயம் வெளியே வந்துவிடுகிறது, ஊர் கேள்வி கேட்கிறது. பிறகு தடுப்பூசி வரும்போது இங்கும் குலுக்கல், பிறந்த தேதிப்படி. அந்த அதிகாரி தனக்குக் கிடைத்ததை அலுவலகத் துப்புரவுத் தொழிலாளியின் பையனுக்குப் போட்டுவிடுகிறார். மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், லாஜிக் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.