டிஸ்னி வேர்ல்டில் ஏரிக்கரையில் எழும்பும் புதிய ஹோட்டல்: மாடிகள் ஏறிவிட்டால் வேலை முடிந்த மாதிரியா?

2027 மார்ச்சில் ஸ்பிரிங் பிரேக்குக்குப் பிள்ளைகளோடு டிஸ்னி வேர்ல்ட் போகத் திட்டம், பே லேக் ஏரிக்கரையில் கட்டிக்கொண்டிருக்கும் லேக் ஷோர் லாட்ஜில் தங்க ஆசை, வானிலிருந்து எடுத்த படங்களில் மாடிகள் எழும்பிவிட்டன, அப்படியானால் வேலை முக்கால்வாசி முடிந்ததாகத்தானே அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. மாடிகள் எழும்பியிருந்தால் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தாராளமாகச் சொன்னால். 2027-ல் திறப்போம் என்று டிஸ்னி அறிவித்திருக்கிறது, அந்த ஆண்டுக்குள் திறந்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் மார்ச்சை நம்பி விமான டிக்கெட் போடமாட்டேன்.

நான் இந்தக் கட்டடத்தில் வேலை செய்யவில்லை. ஃப்ளோரிடாவில் பதினோரு வருடமாக ஹோட்டல் கட்டுமானத்தில் ஏசி, தண்ணீர்க் குழாய், தீயணைப்புத் தெளிப்பான், மின்கம்பி வேலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. கான்கிரீட்காரர்கள் எல்லாப் படத்திலும் வருவார்கள், எங்களை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. அந்தப் பொறாமை இந்தப் பதிலில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மனையின் கதை. வில்டர்னஸ் லாட்ஜ் ஹோட்டலுக்கும் ஃபோர்ட் வில்டர்னஸ் கூடார முகாமுக்கும் நடுவில் இருக்கிறது. 1976-ல் டிஸ்னி தன் முதல் நீர் விளையாட்டுப் பூங்காவான ரிவர் கன்ட்ரியை அங்கேதான் திறந்தது. ஏரித் தண்ணீரையே வடிகட்டி அதில் பயன்படுத்தினார்கள். 2001 நவம்பரில் பருவம் முடிந்து வழக்கம்போல் மூடினார்கள், பிறகு திறக்கவே இல்லை. ஏறக்குறைய பதினேழு வருடம் செடிகொடி மண்டிக் கிடந்தது. 2018 அக்டோபரில் 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ்' என்று பிறகு பெயரிடப்பட்ட, 900-க்கு மேற்பட்ட அறைகளும் வில்லாக்களும் கொண்ட ஏரிக்கரை லாட்ஜ் வரப்போகிறது, 2022-ல் திறப்பு என்று அறிவித்தார்கள். பழையதை இடித்து, மனையைச் சீர்படுத்தி, தரை வேலை நடந்துகொண்டிருந்தபோது 2020-ல் கொரோனா வந்தது. எல்லாம் அப்படியே நின்றது. 2024-ல்தான் மறுபடி ஆள் இறங்கினார்கள், பிறகு பெயரும் லேக் ஷோர் லாட்ஜ் என்று மாறியது. ஆக, 'ஏன் இத்தனை வருடம் ஆகிறது' என்று சிலர் அலுத்துக்கொள்வதில் நியாயம் இல்லை. நடுவில் நாலு வருடம் யாரும் செங்கல் எடுக்கவே இல்லை.

சரி, ஏரிக்கரை என்பதால் என்ன பெரிய வித்தியாசம்? பள்ளம் தோண்டும்போதுதான் தெரியும். மத்திய ஃப்ளோரிடாவில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும், ஏரி ஓரத்தில் கேட்கவே வேண்டாம். டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ஊழியர்கள் நடமாடும் சுரங்கப்பாதை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மையில் சுரங்கமே இல்லை. தோண்டினால் தண்ணீர் என்பதால் பாதையைத் தரை மட்டத்திலேயே கட்டி, பக்கத்தில் செவன் சீஸ் லகூன் என்ற செயற்கை ஏரியை வெட்டிய மண்ணைக் கொட்டி மூடி, அதன்மேல் பூங்காவை வைத்தார்கள். நாம் நடப்பது மாடியில். அதே காலத்தில் பே லேக்கையும் வற்றவைத்துச் சேற்றை வாரினார்கள், அடியில் வெள்ளை மணல் கிடைத்தது. இன்று கரையில் நீங்கள் பார்க்கும் மணலுக்கு அப்படி ஒரு பூர்வீகம்.

இப்படிப்பட்ட இடத்தில் அஸ்திவாரம் போட, பள்ளத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னக் குழாய்களை இறக்கி இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைத்த தண்ணீரை நேரே ஏரியில் விட முடியாது. கலங்கல் படிய விட்டுத்தான் வெளியேற்ற வேண்டும், அதற்குத் தனி அனுமதி. போதாததற்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. அதில் பொந்துகள் இருக்கும், எங்கே இருக்கும் என்று துளை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இந்தக் கட்டத்தில் ஆறு மாதம் வேலை நடந்திருக்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு மண் மேடும் நாலு வண்டிகளும்தான் தெரியும். 'ஒன்றுமே நகரவில்லையே' என்று அப்போது எழுதியவர்கள்தான், தளங்கள் எழும்பியதும் 'அசுர வேகம்' என்று எழுதுகிறார்கள்.

தளம் எழும்புவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோட்டல் என்றால் ஒரே மாதிரி அறைகள், ஒரே மாதிரி சுவர், அதே சென்ட்ரிங் பலகையைப் பிரித்து அடுத்த தளத்தில் மாட்டிக்கொண்டே போகலாம். ஆள் பழகிவிட்டால் வேலை கடகடவென்று ஓடும்.

அப்புறம்தான் எங்கள் பாடு. 900 அறை என்றால் குறைந்தது 900 குளியலறை. ஒவ்வொன்றிலும் வெந்நீர், தண்ணீர், கழிவுக் குழாய், காற்றுப் போக்கி, ஏசி தண்ணீர்க் குழாய், அதன் வடிகால், தெளிப்பான், புகை உணர்வி. இவை எல்லாம் ஒரு கை அகலப் பொந்துக்குள் மேலும் கீழும் போக வேண்டும். தளத்தைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் தீ ஏறாதபடி அடைக்க வேண்டும், அதை ஆய்வாளர் பார்க்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் சுவர்ப் பலகை அடித்து மூடலாம். ஒரு தளத்தில் பத்து அறை தேறவில்லை என்றால் அந்தத் தளத்தின் பெயின்ட்காரர், டைல்ஸ்காரர், கம்பளக்காரர் எல்லோரும் காத்திருப்பார்கள். ரயில்பெட்டி மாதிரி, முன்னால் ஒன்று நின்றால் பின்னால் வருவதும் நிற்கும்.

டிஸ்னி வேலையில் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு, அலங்காரம். சாதாரண ஹோட்டலில் விளக்கு எங்கே வருகிறது என்று நாங்கள் சொல்வோம். கதையை வைத்துக் கட்டும் ஹோட்டலில் மரத் தூண் எங்கே வருகிறது என்று அவர்கள் சொல்வார்கள், எங்கள் குழாய் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இதில் ஃப்ளோரிடாவுக்கே உரிய இன்னொரு விஷயம் ஈரம். ஜன்னல்களும் கூரையும் முழுதாக அடைபட்டு, நிரந்தர மின்சாரம் வந்து, ஏசி ஓடி, உள்ளே காற்று காய்ந்த பிறகுதான் மரவேலை, சுவர்த் தாள், கம்பளம் எல்லாம். அவசரப்பட்டால் சுவர்த் தாளுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும், வாடிக்கையாளர் வந்த பிறகுதான் வாடை தெரியும். நான் வேலை செய்த ஒரு ஹோட்டலில் (எது என்று கேட்காதீர்கள்) தேதி நெருங்குகிறது என்று மேற்குப் பக்க ஜன்னல்கள் வருவதற்கு முன்பே இரண்டு தளத்துக்குச் சுவர்ப் பலகை அடித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் தாள் கட்டியிருக்கிறதே என்ற தைரியம். ஆகஸ்ட் மாதம், மதியம் மூன்று மணிக்கு ஒரு மழை. அரை மணி நேரம்தான். மறுநாள் காலையில் பலகையின் அடிப்பாகம் அரிசிக் கஞ்சி மாதிரி ஊறிக்கிடந்தது. அத்தனையும் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். நாலு நாள் மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து வாரம் போனது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம் வேறு. புயல் எச்சரிக்கை வந்தால் கிரேனைக் காற்றோடு திரும்பும்படி விட்டுவிட்டு, தளத்தில் கிடக்கும் பலகையை எல்லாம் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புயல் வந்தாலும் வராவிட்டாலும் மூன்று நாள் போச்சு.

சரி, வெளியிலிருந்து எதைப் பார்த்து வேலையின் நிலையைத் தெரிந்துகொள்வது?

வான்படங்கள் நல்லவைதான், ஆனால் அவற்றில் கூரை மட்டும்தான் தெரியும். 2003 முதல் டிஸ்னி வேர்ல்டுக்கு மேல் 3 கடல் மைல் ஆரத்துக்குள் 3,000 அடிக்குக் கீழே பறக்கத் தடை உண்டு. அதனால் உயரத்திலிருந்தோ தூரத்திலிருந்தோதான் எடுப்பார்கள். ஜன்னலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அதில் எப்படித் தெரியும்?

கவுன்டியில் பதிவாகும் வேலைத் தொடக்க அறிவிப்புகளைச் சிலர் தோண்டியெடுத்துப் போடுவார்கள். ஃப்ளோரிடா சட்டப்படி வேலை தொடங்குமுன் பதிய வேண்டிய தாள் அது. அதில் ஒரு காலாவதித் தேதி இருக்கும், உடனே 'ஹோட்டல் அன்றைக்குத் திறக்கிறது' என்று செய்தி ஓடும். அந்தத் தேதிக்கும் திறப்புக்கும் சம்பந்தமில்லை. வேறு தேதி எழுதாவிட்டால் ஒரு வருடத்தில் அது தானாகக் காலாவதியாகிவிடும், அவ்வளவுதான்.

நான் செய்வது, மேஜிக் கிங்டம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் வில்டர்னஸுக்குப் போகும் படகில் ஏறிவிடுவது. காசு கிடையாது, கரையைப் பார்த்தபடி போகலாம். 2025 கடைசியில் அப்படிப் போனபோது மரங்களுக்கு மேலே தளங்கள் நன்றாகத் தெரிந்தன. என் மகள் மாடிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். நான் தேடியது ஹாயிஸ்ட்டை.

கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டி ஆளும் பொருளும் ஏறுவதற்கு ஒரு தற்காலிக லிஃப்ட் நிறுத்துவார்கள், அதுதான் ஹாயிஸ்ட். அது நிற்கும் பட்டையில் மட்டும் ஜன்னலும் பூச்சும் இருக்காது, கீழிருந்து மேல்வரை ஒரு நீளத் தழும்பு மாதிரி தெரியும். கட்டடத்தின் சொந்த லிஃப்ட்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் அதைக் கழற்ற முடியும். கழற்றிவிட்டார்கள் என்றால் மின்சாரம் வந்தாயிற்று, கனமான பொருள்கள் பெரும்பாலும் மேலே போயாயிற்று என்று பொருள். அந்தத் தழும்பு மூடப்படுவதைப் பார்த்தால், என் அனுபவத்தில் இன்னும் ஐந்தாறு மாதம். அதற்கு முன்னால் எத்தனை மாடி எழும்பியிருந்தாலும் நான் மாதக் கணக்குச் சொல்லமாட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், 300 அறை அளவுள்ள டிஸ்னியின் ரிவியரா ஹோட்டல் 2017-ல் அறிவிக்கப்பட்டு 2019 டிசம்பர் 16-ல் திறந்தது. பாலினேசியன் ஹோட்டலின் ஐலண்ட் டவர் 2022-ல் அறிவிக்கப்பட்டு 2024 டிசம்பர் 17-ல் திறந்தது. இரண்டுமே லேக் ஷோரைவிடச் சின்னவை, இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டரை வருடம் பிடித்தது. 2024-ல் மறுபடி தொடங்கியதை வைத்துக் கணக்குப் போட்டால் 2027 நியாயமான தேதிதான், மார்ச் மட்டும் இழுத்துப் பிடித்த கணக்கு.

'அந்தக் காலத்தில் வேகமாகக் கட்டினார்களே' என்று யாராவது சொன்னால் டிஸ்னி வேர்ல்டின் கன்டெம்பரரி ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். 1971-ல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் அறைகளைத் தனியாக ஒரு கொட்டகையில் உள்வேலை எல்லாம் முடித்துத் தயாரித்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கி, எஃகுச் சட்டகத்துக்குள் இழுப்பறை மாதிரி செருகியது. யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும், குழாய் வேலை தரையில் நின்றபடி நடக்குமே! அப்படிச் செய்தும் அக்டோபர் 1-ஆம் தேதி பூங்கா திறந்தபோது ஹோட்டல் வேலை முழுதாக முடிந்திருக்கவில்லை.

உங்கள் பயணத்துக்கு: மார்ச்சுக்கு வில்டர்னஸ் லாட்ஜில் ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகப் போட்டு வையுங்கள். அதே ஏரி, அதே காடு, பக்கத்து மனை. அங்கே படகுத்துறையில் நின்று லேக் ஷோர் பக்கம் பாருங்கள். தழும்பு இன்னும் திறந்து கிடந்தால், அடுத்த விடுமுறைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.